பழைய ஜீப்பின் கியர் பாக்ஸ்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?



சேலத்தின் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறிச் செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேலம் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. சுமார் 30 கிலோமீட்டர் பயணத்திற்குள் ஒரு வாகனம் 1,200 மீட்டர் உயரத்தை ஏறிக் கடக்க வேண்டும். பிறகு அதே உயரத்தை இறங்கியும் ஆக வேண்டும். ஏறும்போது எஞ்சினின் வலிமையைச் சக்கரத்திற்குக் கொண்டு சேர்ப்பதும், இறங்கும்போது சக்கரத்தின் வேகத்தை எஞ்சினைக் கொண்டே அடக்கி வைப்பதும் கியர் பாக்ஸின் வேலையாகும். சமவெளியில் அது பழுதடைந்தால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். மலையில் அது பழுதடைந்தால் வண்டி நிற்காமல் போய்விடலாம். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு இம்மாதச் செய்தியைப் படிக்க வேண்டுகிறேன்.

சேர்வராயன் மலையில் 1820-ஆம் ஆண்டுகளில், அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். இன்றும் அம்மலையின் வாழ்வு காப்பியையும் மிளகையும் ஆரஞ்சையும் சார்ந்தே நடக்கிறது. நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் போன்ற ஊர்ப்புறங்களில் தோட்டத்து மண்பாதைகளுக்கு ஏற்ற வாகனம் ஜீப்தான். 1947-இல் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்புகளை நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கினர். அவ்வழியில் வந்த வண்டிகள் பல பத்தாண்டுகள் உழைப்பவை. அவற்றை வைத்திருப்போர் பலருக்கு அது பொழுதுபோக்கன்று, பிழைப்பு. ஆதலால் கியர் பாக்ஸ் கெட்டது என்றவுடன் வண்டியைத் தள்ளிவிடு என்று சொல்வது எளிது, கேட்பது எளிதன்று.

நானறிந்த ஒரு குடும்பத்திற்கு இந்தச் சங்கடம் நேர்ந்தது. சிறு அளவில் காப்பியும் மிளகும் பயிரிடுவோர். முப்பது ஆண்டு கண்ட அவர்களது ஜீப், இறக்கத்தில் வரும்போது மூன்றாம் கியரிலிருந்து தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வரத் தொடங்கியது. மிளகு பறிக்கும் காலம். கையில் பணமும் குறைவு. மைத்துனர் "விற்றுவிடுங்கள் மச்சான்" என்றார். ஒரு பட்டறைக்காரர் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து பழைய கியர் பாக்ஸை வரவழைத்து மாட்டிவிடலாம் என்றார். வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரோ, "பாய், பெட்டியை இறக்கிப் பார்க்காமல் நான் விலையும் சொல்ல மாட்டேன், வழியும் சொல்ல மாட்டேன்" என்றார். மூவரும் நல்லெண்ணத்தோடு சொன்னவைதாம். எனினும் மூன்றாமவர் சொன்னதே முறை. என்ன கெட்டது என்று தெரிந்துகொள்வது முதலில். வண்டி என்ன வேலைக்கு வேண்டும் என்பது அடுத்து. விலை அதற்கும் பிறகு. பெரும்பாலோர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி விலையிலிருந்து தொடங்குகின்றனர். நட்டமும் அங்கிருந்தே தொடங்குகிறது.

கியர் பாக்ஸின் அடிப்படை மிகப் பழைமையானது. சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும், வலிமை கூடும். 1206-இல் இஸ்மாயீல் அல்ஜஸரி அவர்கள் எழுதி முடித்த பொறியியல் நூலில், நீர் இறைக்கும் கருவிகளில் பற்சக்கரங்களைப் பயன்படுத்தும் விதங்களைப் படங்களுடன் விளக்கியிருக்கிறார்கள். நம் ஜீப்பில் நடப்பதும் அக்கணக்கே. வேறு வேறு வேகத்தில் சுழலும் சக்கரங்களை ஓசையின்றி இணைப்பதற்குப் பித்தளை வகை உலோகத்தாலான சிங்க்ரோ ரிங்குகள் பின்னாளில் வந்து சேர்ந்தன. 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் அம்முறை அறிமுகமாயிற்று. தேய்மானம் முதலில் தெரிவது பெரும்பாலும் இந்த ரிங்குகளிலும் பேரிங்குகளிலுந்தான்.

பெட்டியை இறக்குமுன் வீட்டுக்காரரே கவனிக்கத்தக்க அடையாளங்கள் சில உண்டு. எஞ்சின் ஓடும்போது கியர் கரகரவென்று கடித்துக்கொண்டு விழுகிறது. எஞ்சினை நிறுத்தினால் எளிதாக விழுகிறது என்றால், குற்றம் கியர் பாக்ஸில் இல்லாமல் கிளட்சில் இருக்கக்கூடும். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்ச் மிதித்தவுடன் அடங்கினால், எஞ்சின் பக்கத்து ஷாப்டின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மிதித்தால்தான் இரைகிறது எனில் கிளட்ச் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் இரைச்சல் என்றால் அந்தக் கியரின் பற்கள். ஆயில் அளவு, கியர் பாக்ஸைத் தாங்கும் போல்ட்டுகள், கியர் கம்பியின் இணைப்புகள் ஆகியவற்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். சிறு போல்ட் தளர்ந்ததற்காகப் பெரும் பெட்டியைப் பிரித்தவர்களும் உண்டு.

அடுத்து ஆயிலை வடித்துப் பாருங்கள். பொன்னிறத் துகள் மினுமினுத்தால் அது சிங்க்ரோ ரிங்கின் தேய்மானம். எஃகுச் சில்லுகள் வந்தால் பற்களோ பேரிங்கோ உடைந்திருக்கின்றன. அதற்குமேல் அவ்வண்டியை ஓட்டலாகாது.

இனி வழிகள் நான்கு.

முதலாவது, கெட்ட ஓர் உறுப்பை மட்டும் மாற்றுவது. செலவு குறைவு. ஆனால் கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி, ஒரு பேரிங் மாற்றினாலும் அனைத்தையும் மாற்றினாலும் ஏறத்தாழ ஒன்றே. இன்று ஒன்றும், ஆறு மாதம் கழித்து மற்றொன்றும் என்று இறக்கினால் அக்கூலி இரட்டிப்பாகும். பழைய வண்டிக்கு இவ்வழி பெரும்பாலும் சிக்கனம்போல் தோன்றும் செலவாகும்.

இரண்டாவது, முழுமையாகப் பிரித்துப் புதுப்பிப்பது. பேரிங்குகள், சிங்க்ரோ ரிங்குகள், ஆயில் சீல்கள், பேக்கிங்குகள் அனைத்தும் புதிதாகப் போட வேண்டும். பல் தேய்ந்த சக்கரம் இருந்தால் அதனோடு சேர்ந்து சுழலும் இணைச் சக்கரத்தையும் மாற்றியாக வேண்டும். புதியதும் தேய்ந்ததும் கூடினால் இரைச்சலும் விரைந்த தேய்மானமுமே மிஞ்சும். மேலுறையில் விரிசல் இல்லை, பேரிங் அமரும் துளைகள் தேய்ந்து அகலவில்லை, உதிரி உறுப்புகள் கிடைக்கின்றன, கைதேர்ந்த மெக்கானிக் இருக்கிறார் என்ற நான்கும் கூடியிருந்தால் இதுவே சிறந்த வழி.

மூன்றாவது, கழித்த வண்டியிலிருந்து எடுத்த கியர் பாக்ஸை வாங்கி மாட்டுவது. உறை உடைந்துவிட்டாலும், உள்ளுறுப்புகள் பெருமளவு சிதைந்துவிட்டாலும் இதனை நாட வேண்டியிருக்கும். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் போன்ற வண்டிகளை வைத்திருப்போருக்குப் பழைய பொருட்கடைகளே பெருந்துணை. ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை பொருந்தாமல் போவதுண்டு. ஷாப்டின் நீளம், அதன் வரிப்பற்களின் எண்ணிக்கை, நான்கு சக்கர இயக்கப் பெட்டியோடு சேரும் முகம் ஆகியவற்றை அளந்து பார்க்க வேண்டும். மேல்மூடியைத் திறந்து பற்களைக் கண்ணால் கண்ட பிறகே பணம் தர வேண்டும். திருப்பித் தரும் கெடுவை எழுத்தில் பெற வேண்டும். ரசீது இல்லாத பொருளைத் தொடாதீர்கள். திருட்டு வண்டியின் உறுப்பு மலிவாகக் கிடைப்பதால் அது ஹலால் ஆகிவிடாது.

நான்காவது, புதிய கியர் பாக்ஸ். கிடைக்குமாயின் கவலையற்றது; ஆனால் அதன் விலை, பழைய வண்டியின் விலையையே எட்டக்கூடும். வண்டி இன்னும் எத்தனை ஆண்டுகள் ஓடும் என்ற கேள்விக்கு விடை தெரிந்தவர்களே இதில் இறங்கலாம்.

நான்கு கியர் இருந்த இடத்தில் வேறு மாடலின் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்தலாமே என்று ஆசை காட்டுவோரும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து மாறுபட வண்டியைத் திருத்துவதற்குத் தடை விதிக்கிறது. 2019-இல் உச்சநீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டறியாமல் இவ்வகை மாற்றத்தில் இறங்க வேண்டாம்.

ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அக்கட்டணம் இலகு ரக வாகனங்களுக்கு 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. புதுப்பிக்கும் நாள் நெருங்கியிருந்தால் அச்செலவையும், வண்டியின் அடிச்சட்டம், பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றின் நிலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அடிச்சட்டம் துருவேறி அரித்துவிட்ட வண்டிக்கு நல்ல கியர் பாக்ஸ் போடுவது, இடியும் சுவருக்கு வண்ணம் பூசுவதாகும்.

மேற்சொன்ன குடும்பத்தில் பெட்டியை இறக்கிப் பார்த்தார்கள். மெயின் ஷாப்டின் பேரிங் தேய்ந்து ஆடியது. மூன்றாம் கியரைப் பிடித்து நிறுத்தும் பக்கப் பற்கள் முனை மழுங்கியிருந்தன. உறை நன்றாக இருந்தது. அடிச்சட்டமும் உறுதி. அப்போதும் வீட்டுக்காரர் தயங்கினார். பேரிங்கை மட்டும் மாற்றிக்கொண்டு இந்தப் பறிப்பை ஓட்டிவிடலாமா என்று எண்ணினார். அவருடைய மனைவி சொன்ன சொல் முடிவைத் தந்தது: "பிள்ளைகள் அதில்தானேங்க பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள்? செய்வதை முழுசாகச் செய்துவிடுங்கள்." வட்டிக்கு வாங்காமல், மிளகை முன்கூட்டியே கொஞ்சம் விற்று, பெட்டியை முழுமையாகப் புதுப்பித்தார்கள். வண்டி நின்ற நாட்களில் வாடகை வண்டியில் மூட்டை ஏற்றினர். வாடகையையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டனர். அதுவும் சரியே.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை: பெட்டி இறங்கியிருக்கும்போதே கிளட்ச் தட்டையும் கிளட்ச் பேரிங்கையும் பார்த்து, தேவையானால் மாற்றிவிடுங்கள். கழற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கியர் ஆயிலைத் தயாரிப்பாளர் சொன்ன தரத்திலேயே ஊற்றுங்கள், ஜி.எல்.4 கேட்கும் பெட்டிக்கு ஜி.எல்.5 ஊற்றினால், அதிலுள்ள வேதிப்பொருள் பித்தளை ரிங்குகளை அரிக்கக்கூடும். முதற்சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அந்த ஆயிலை மாற்றிவிடுவது நல்லது. முதல் ஓட்டம் சமவெளியில் இருக்கட்டும்; மலை பிறகு. இறங்கும்போது ஒருபோதும் நியூட்ரலில் விடாதீர்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள் என்பது மலையோட்டிகளின் பழைய பாடம்.

இறுதியாக ஒன்று. செலவு தாங்காது, விற்றுவிடுவோம் என்று முடிவு செய்வதும் குற்றமன்று. ஆனால் பெட்டிக்குள் மரத்தூளைக் கலந்தும், கெட்டி ஆயிலை ஊற்றியும் இரைச்சலை அடக்கி விற்கும் தந்திரம் சந்தையில் உண்டு. பொருளின் குறையை மறைத்து விற்பது நம் மார்க்கம் தடுத்த செயல். அதிலும் இந்தக் குறை வாங்குபவரின் பணத்தோடு நிற்பதன்று. அவரும் அவர் குடும்பத்தாரும் ஏதேனும் ஒரு வளைவில் இறங்கி வரும்போதுதான் அது வெளிப்படும். கியர் துள்ளுகிறது என்று வாய்திறந்து சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள். குறையும் தொகை நட்டமன்று. அது முதலிலிருந்தே உங்களுடையதன்று.