கற்பிக்கும் கை நிர்வகிக்கலாகாதா?

கல்வி ஆண், பெண் இருபாலார்க்கும் கடமை என்பது இஸ்லாமியக் கல்விக்கூடங்களின் விழா மேடைகளில் தவறாது ஒலிக்கும் அறிவுரை. அக்கடமையில் பெண்கள் குறை வைக்கவில்லை. நம் வானகரத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே கல்லூரிக்குச் செல்லும் முஸ்லிம் மாணவியர் இன்று அரிய காட்சியல்லர். பெண்களுக்கான அரபிக் கல்லூரிகளில் பயின்று 'ஆலிமா' பட்டம் பெற்றோரும் தமிழகத்தில் பலர். ஆயினும், பாடம் சொல்லும் பெண்ணுக்கு நிர்வாகக் குழுவில் இடமுண்டா என்று கேட்டால், பல ஊர்களில் மௌனமே விடையாகிறது.

"பெண்களுக்கு நிர்வாகம் புதிது, பர்தா முறைக்கும் ஒவ்வாது" என்பார் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. வங்கத்து பேகம் ரொக்கையா, கணவர் மறைந்த 1909-ஆம் ஆண்டிலேயே அவர் நினைவாகப் பாகல்பூரில் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். 1911-இல் கல்கத்தாவில் எட்டே மாணவியருடன் அதை மீண்டும் நிறுவினார். வீடு வீடாகச் சென்று பெற்றோரை இணங்கவைத்தார். திரையிட்ட வண்டிகளில் பிள்ளைகளை வரவழைத்தார். 1932-இல் இறக்கும்வரை பள்ளியைத் தாங்கியவர் அவரே. பர்தா அவருக்குத் தடையாகவில்லை.

முகத்திரையுடனேயே பல்லாண்டு போபாலை ஆண்ட சுல்தான் ஜஹான் பேகம், 1920-இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரானார். ஆனால், அதே பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் துணைவேந்தராவதற்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! நயீமா காத்தூன் அப்பொறுப்பை ஏற்றபோது நூறாண்டுகள் கடந்திருந்தன. ஒருமுறை திறந்த கதவு தானாகவே திறந்திருக்கும் என்று நம்புவது பேதைமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெண்ணைத் தலைமையாசிரியை ஆக்கிவிட்டோமே என்று நிறைவு கொள்வோரும் உண்டு. வருகைப் பதிவேடு மட்டும் அவரிடம் இருந்து, வரவு செலவு வேறிடத்தில் இருந்தால் அது தலைமையாகுமா? பத்தாம் வகுப்புக்குமேல் வகுப்புகள் தொடங்குவதா, கழிப்பறை கட்டுவதா, வாகனம் வாங்குவதா என்பனவெல்லாம் குழுவில் முடிவாகின்றன. இவற்றுள் ஒன்று தவறினாலும் ஒரு மாணவியின் படிப்பு நின்றுபோகும். அந்த இழப்பை அருகிருந்து அறிபவர் ஆசிரியை. முடிவு செய்பவரோ வேறொருவர்.

நன்கொடை தந்து பள்ளிகளை எழுப்பிய பெரியோரின் தொண்டு போற்றத்தக்கது. அவர்களை விலகச் சொல்லவில்லை. பக்கத்தில் நாற்காலி போடச் சொல்கிறோம். பெண்கள் பயிலும் ஒவ்வோர் இஸ்லாமியப் பள்ளியின் நிர்வாகக் குழுவிலும் பாதி இடம் பெண்களுக்கு வேண்டும். அங்கேயே பயின்று பட்டம் பெற்ற முன்னாள் மாணவியர் அவ்விடங்களுக்குத் தக்கவர். பள்ளியின் குறைநிறைகளை அவர்களைவிட அறிந்தவர் யார்?