காதால் பார்த்த சினிமா

சினிமாவுக்குப் போன எழுத்தாளன் கெட்டான் என்பது நம் சிறுபத்திரிகை வட்டாரத்தின் நிரந்தர ஒப்பாரி. அதற்கு முதல் உதாரணம் புதுமைப்பித்தன். ஜெமினிக்கு வசனம், சொந்தத்தில் ஒரு படக் கம்பெனி, 'ராஜமுக்தி'க்காகப் புனா, காசநோய், 1948 ஜூன் 30, திருவனந்தபுரம். இந்த வரிசையைச் சொல்லி முடித்ததும் ஒரு மௌனம். பிறகு, சென்னைக்குப் போய்விட்ட யாராவது ஒரு நண்பரின் பெயர் தாழ்ந்த குரலில் உச்சரிக்கப்படும். இந்தச் சடங்கு எனக்கு அலுத்துவிட்டது. எழுத்தாளனிடம் சினிமா எதைக் கேட்டது, அவன் எதைக் கொடுத்தான், கொடுத்ததில் எதை நம் விமர்சகர்கள் எழுத்து என்று ஒப்புக்கொண்டார்கள் என்ற கேள்விகளைத் தொடாமல் கண்ணீர் விடுவது சௌகரியமான காரியம்.

நான் குமாஸ்தா வேலை பார்க்கும் புதுச்சத்திரத்திலிருந்து பஸ் ஏறினால் சேலம். அங்கே ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. லீட்ஸில் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம், ஒரு மில்லை நடத்துவதுபோல இந்த ஸ்டூடியோவை நடத்தினார். நூறு படங்களுக்குமேல் இங்கிருந்து வந்தன. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) இவர்கள் தயாரிப்பு. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இவர்களுடையது. நெசவாலையில் நூற்பவனும் சாயம் போடுபவனும் சம்பளக்காரர்கள். இங்கே எழுதுகிறவனும் சம்பளக்காரன். இதில் இழிவு எதுவும் இல்லை. மாதச் சம்பளத்தில் சாப்பிடுகிற நான் அதைச் சொல்ல மாட்டேன். பிரச்னை அந்த ஆலையில் எழுத்தாளனுக்கு ஒதுக்கப்பட்ட தறி எது என்பதுதான்.

'மந்திரி குமாரி'யை (1950) எடுத்துக்கொள்வோம். மூலக்கதை குண்டலகேசி. 1952-ல் பாரதிதாசனின் கதை வசனத்தோடு 'வளையாபதி' வந்தது. முழுமையாகக் கிடைக்காமல் போன இரண்டு காப்பியங்களின் பெயர்களை இரண்டே வருஷத்தில் ஒரு சேலத்து ஸ்டூடியோ தமிழனுக்கு மறுபடி ஞாபகப்படுத்தியது. இது சாதாரண விஷயமல்ல. 'மந்திரி குமாரி'க்கு எழுதியவர் மு. கருணாநிதி. டைரக்ட் செய்தவர்கள் எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும். டங்கன் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். பேச்சு புரியாததால் அவர் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. மலை உச்சியில் தன்னைத் தள்ளிவிட அழைத்துவந்த கணவனை அந்தப் பெண் மூன்று முறை வலம்வந்து, பின்னாலிருந்து தள்ளுகிறாள். அந்தக் காட்சியின் பலம் வலம்வருவதில் இருக்கிறது, பேச்சில் இல்லை. ஆனால் எழுபது வருஷங்களுக்கு மேலாக அந்தப் படத்தைக் கொண்டாடுகிறவர்களும் தூற்றுகிறவர்களும் வசனத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அடுக்குமொழி அபாரம் என்கிறார் ஒருவர், அபத்தம் என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே படத்தைக் காதால் பார்த்தவர்கள்.

அப்படிக் கேட்கத்தான் நாம் பழக்கப்பட்டோம். இந்தப் பக்கத்து மாரியம்மன் நோம்பிகளில் குழாய் ஒலிபெருக்கி கட்டி 'பராசக்தி'யும் 'கட்டபொம்ம'னும் 'திருவிளையாட'லும் இசைத்தட்டில் ஓடிய காலம் ஒன்று உண்டு. திரை இல்லாமலே ஜனங்கள் முழுப் படத்தையும் அனுபவித்தார்கள். ஜனங்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டாலும் குறையாத ஒன்றைச் சினிமா என்று சொல்லலாமா என்ற கேள்வியை விமர்சகன் கேட்டிருக்க வேண்டும்.

இதனால்தான் வசனகர்த்தாவின் வாழ்க்கைப் பாதை இங்கே விசித்திரமாக அமைந்தது. 'வேலைக்காரி' (1949) எழுதிய அண்ணா 1967-ல் முதலமைச்சர். 'மந்திரி குமாரி' எழுதியவர் 1969-ல் முதலமைச்சர். குரலை எழுதியவர்களுக்கு மேடை காத்திருந்தது. மேடை கிடைக்காத விந்தன் போன்றவர்கள் 'அன்பு', 'கூண்டுக்கிளி' என்று எழுதிவிட்டுப் பழைய வறுமைக்கே திரும்பினார்கள். காமிராவின் பக்கம் போகும் பாதையில் மட்டும் ஆள் நடமாட்டம் குறைவு.

ஏன், ஜெயகாந்தன் இல்லையா, மகேந்திரன் இல்லையா என்று கேட்பீர்கள். நான் சொல்வதற்குச் சாட்சிகளே அவர்கள்தாம். 'உன்னைப்போல் ஒருவ'னை (1965) ஜெயகாந்தன் தாமே டைரக்ட் செய்தார். 'தங்கப்பதக்கம்' எழுதிக் கைதட்டல் வாங்கிய மகேந்திரன், 'உதிரிப்பூக்க'ளில் (1979) பாத்திரங்களின் வாயைக் கட்டினார். அதற்கு வித்து புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. சினிமா கொன்றுவிட்டதாக நாம் அழும் அதே மனிதரிடமிருந்து, அவர் இறந்து முப்பத்தொரு வருஷத்துக்குப் பின், தமிழின் நல்ல படங்களில் ஒன்று பிறந்திருக்கிறது. கண்ணால் எழுதத் தெரிந்த ஒருவர் கையில் எடுத்ததுதான் காரணம்.

எழுத்தாளனுக்குக் கண் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜெமினியில் வருஷக்கணக்காக இருந்த அசோகமித்திரன் 'கரைந்த நிழல்கள்' எழுதினார். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து பெருமாள்முருகன், தியேட்டரில் சோடா விற்கும் பையன்களை வைத்து 'நிழல்முற்றம்' எழுதினார். நாவலில் இத்தனை துல்லியமாகப் பார்க்கிறவனை, ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் வாயாக மட்டும் மாற்றியது யார்? முதலாளி மட்டும்தானா? வசனத்தைத் தவிர வேறெதையும் எழுத்தாகப் படிக்க மறுத்த விமர்சனத்துக்கும் அதில் பங்கு உண்டு. கிடைக்காமல் போன காப்பியங்களுக்காக வருந்தத் தெரிந்த நாம், அவற்றிலிருந்து சேலத்தில் எழுதப்பட்ட திரைக்கதைப் பிரதிகள் எங்கே என்று ஒரு நாளாவது கேட்டோமா? வளைவைக் காப்பாற்றக் குரல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். காகிதத்தைக் கேட்பாரில்லை.

லாரிக்கும் கோழிப்பண்ணைக்கும் கடன் விண்ணப்பம் சரிபார்த்துக் காலம் தள்ளுகிறவன் நான். வாய்ப்பேச்சு ஈடாகாது, பத்திரம் ஈடாகும் என்பது எனக்குத் தெரிந்த ஒரே பொருளாதாரம். 2012-ன் காப்புரிமைத் திருத்தச் சட்டம், தியேட்டர் ஓட்டம் தவிர்த்த மற்ற வழிகளில் படம் பயன்படும்போது எழுதியவனுக்குச் சம அடிப்படையில் ராயல்டி உண்டு என்கிறது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர அந்த உரிமையை அவன் விட்டுக்கொடுக்கவும் முடியாது. ஆனால் டீக்கடையில் கதை சொல்லி, டிஸ்கஷன் ரூமில் காட்சி சொல்லி, காகிதத்தில் எதையும் தன் பெயரோடு விட்டுவைக்காத எழுத்தாளன் எந்தப் பத்திரத்தை நீட்டி இதைக் கேட்பான்?

சென்னைக்குப் போகும் நண்பர்களுக்காக அழுவதை நிறுத்துவோம். அவர்கள் எழுதும் திரைக்கதையைக் கேட்டு வாங்கி, கவிதையைப் போடும் இதே பக்கங்களில் போடுவோம். காட்சி காட்சியாகப் படித்து, மோசமாக இருந்தால் மோசம் என்று அச்சில் சொல்வோம். அந்த வேலையைச் செய்யாத பத்திரிகைக்குச் சினிமாவைப் பழிக்கும் யோக்யதை கிடையாது.