துட்டு வந்த துறைமுகம்

சிதம்பரத்துக்குப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? நடராஜரைத் தரிசிக்கிறார்கள்; கோவிந்தராஜப் பெருமாளைச் சேவிக்கிறார்கள்; நாலு வீதியையும் ஒரு சுற்றுச் சுற்றுகிறார்கள்; கத்தரிக்காய் கொத்சை ஒரு கை பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். போகும்போதும் கடலூர் வழி, வரும்போதும் கடலூர் வழி. வழியிலே டச்சுக்காரர்கள் கடை விரித்திருந்த கடற்கரை ஒன்று இருக்கிறதே, அதை எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அடுத்த தடவை ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி வையுங்கள், சகோதரிகளே!

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கோட்டை கொத்தளம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தரங்கம்பாடிக்குப் போகலாம். டேனிஷ்காரர் கட்டிய கோட்டை அங்கே கம்பீரமாக நிற்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்கப் பழவேற்காடு இருக்கிறது. கடலூர்ப் பக்கத்தில் அப்படியெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் டச்சுக்காரர் விட்டுப் போன சாமான் ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதுதான் ‘துட்டு’! டச்சுக் கம்பெனியின் சின்னச் செப்புக் காசுக்கு ‘டொய்ட்’ என்று பெயர். நம்முடைய நாக்கில் புரண்டு அது ‘துட்டு’ ஆகிவிட்டது.

காலையில் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் தரிசனத்தோடு ஆரம்பியுங்கள். கல்லிலே கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் பெருமான், அந்தக் கல்லே தெப்பமாகக் கரையேறிய தலம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வாருங்கள். வெள்ளிக் கடற்கரை என்று இதற்குப் பெயர். குழந்தைகள் மணலில் விளையாடட்டும். நாம் கொஞ்சம் பழங்கதை பேசுவோம்.

1608-ல் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்று டச்சுக்காரர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். எதற்காக? மிளகுக்கா, முத்துக்கா? இல்லை, புடவைக்கும் வேட்டிக்கும்! அவர்களுக்கு வேண்டியிருந்தது கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைந்தது கிழக்கே வெகு தூரத்தில் இருந்த மொலுக்கஸ் தீவுகளில். ஐரோப்பாச் சரக்குக்கு அங்கே கிராக்கி இல்லை. தமிழ்நாட்டுப் பருத்தித் துணி என்றால்தான் தீவுக்காரர்களின் முகம் மலர்ந்தது. அவுரியில் தோய்த்த நீலம், சாயவேரில் ஏற்றிய சிவப்பு, துவைக்கத் துவைக்க மங்காத நிறம்! அப்புறம் கேட்க வேண்டுமா? நெசவாளர் தெருவுக்குத் துட்டு வந்தது. துணி கப்பல் ஏறியது. பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் நம் ஆட்கள் அலையோடு மல்லாடி மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

இதோடு நிறுத்தினால் இனிமையான கதைதான். ஆனால் இந்தக் கரையிலிருந்து துணி மட்டும் போகவில்லை. 1618 முதல் 1620 வரை மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்தது. சோற்றுக்கு வழியில்லாதவர்கள் தங்களையும் தாங்கள் பெற்ற பிள்ளைகளையும் விற்கும் நிலைக்கு வந்தார்கள். 1622, 1623 ஆகிய ஆண்டுகளில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். கையில் இன்னும் பணம் இருந்திருந்தால் மேலும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் குறைப்பட்டுக்கொண்டார்களாம். அந்தக் கணக்கைப் படித்த பிறகு ‘துட்டு’ என்ற வார்த்தை காதில் வேறு விதமாக ஒலிக்கிறது, இல்லையா? அப்பரைக் கரை சேர்த்த அதே கடல்தான். இவர்களில் எத்தனை பேரை அது திருப்பிக் கொண்டுவந்து சேர்த்திருக்கும்?

கடற்கரைக்குப் பக்கத்தில் கெடிலத்தை ஒட்டி இருக்கும் இடிபாடுகள் செயின்ட் டேவிட் கோட்டையைச் சேர்ந்தவை. 1690-ல் ஆங்கிலேயர் அதை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரையுள்ள கிராமங்களையெல்லாம் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். கெட்டிக்கார வியாபாரம்! 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைத் தகர்த்துவிட்டார்.

இனி கட்டுச்சாத மூட்டையோடு தெற்கே கிளம்ப வேண்டியதுதான். கடலூர் முதுநகரில் ஏறினால் சிதம்பரத்துக்கு முன்னாலேயே பரங்கிப்பேட்டை வந்துவிடும். எல்லா ரயிலும் நிற்காது, விசாரித்துக்கொண்டு ஏறுங்கள். பஸ்ஸும் உண்டு. வெள்ளாறு கடலில் கலக்கும் இந்த ஊருக்குப் போர்ச்சுகீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம். முஸ்லிம் வணிகர்களுக்கு இது மஹ்மூது பந்தர். டச்சுக்காரர்களின் பண்டகசாலையும் இங்கே இருந்தது. 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியின் படையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதிய களமும் இதுதான். 1824-ல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி டச்சுக்காரர்கள் இந்தியாவில் தங்களுக்கிருந்த இடங்களையெல்லாம் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்துப் போனார்கள். இன்று ஆற்றங்கரையில் பெயர் சொல்லி நிற்பது அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம்.

வெயில் தாழ்ந்ததும் பிச்சாவரத்தில் படகு ஏறுங்கள். சுரபுன்னைக் காட்டுக்குள் வாய்க்கால் வாய்க்காலாக வளைந்து போகலாம். 2004-ல் ஆழிப்பேரலை வந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களுக்குச் சேதம் குறைவு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரமும் இங்கே இருக்கிறது. ஆனால் குழந்தைகளை இலை பறிக்க விடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

இரவு சிதம்பரத்தில் தங்கிக் காலையில் நடராஜ தரிசனம் செய்யுங்கள். ஊர் திரும்பிய பிறகு, உங்கள் பிள்ளை மிட்டாய்க்குத் துட்டு கேட்டு முந்தானையைப் பிடித்து இழுக்கும்போது, கொடுத்துவிட்டு அந்த வார்த்தையின் கதையையும் சொல்லுங்கள். துணியின் கதையை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பஞ்சத்தில் கப்பலேறிய பிள்ளைகளின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களுக்கு இந்தக் கரையில் கல்லறைகூடக் கிடையாது. நாம் சொன்னால்தான் உண்டு.