மூன்றால் வகுக்காதீர்கள்

வீட்டின் மொத்த ஆம்பியரைக் கூட்டு, த்ரீ ஃபேஸ் என்பதால் மூன்றால் வகு, அதற்கேற்ற மெயின் போடு: செஞ்சியில் புதுவீடு கட்டுவோர் காதில் விழும் கணக்கு இது. சுமை சமமாகப் பிரிந்திருந்தால் சரிதான். எந்த வீட்டில் பிரிந்திருக்கிறது?

ஒன்று. மாடியில் இரண்டு ஏசி, தலா 8 ஆம்பியர். 2000 வாட் கீசர், 240 வோல்ட்டில் 8.3. வயர் இழுக்கச் சுலபம் என்று மூன்றும் ஆர் ஃபேஸில்: 24. ஒய்-யில் விளக்கு, ஃபேன்: 3. பி-யில் மோட்டார்: 6. கூட்டினால் 33, வகுத்தால் 11. ஆகவே 16 ஆம்பியர் ஃபோர் போல் எம்சிபி! ஆர் ஃபேஸுக்குச் சராசரி தெரியுமா? எல்லாம் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் ட்ரிப். வீடு முழுக்க இருட்டு.

இரண்டு. ஒரு ஃபேஸ் போனதும் ஃபேஸ் சேஞ்சரைத் திருப்புகிறீர்களே, அந்தச் சுமை எங்கே போகிறது? மிச்சமிருக்கும் ஃபேஸின் தலையில்.

மூன்று. சுமை ஏறுமாறாக இருக்கையில் நியூட்ரல் கழன்றால், சுமை குறைந்த ஃபேஸில் வோல்டேஜ் 240-ஐத் தாண்டி எகிறும். முதலில் போவது டிவி.

ட்ரிப் ஆகிறதென்று வயரை மாற்றாமல் 40 ஆம்பியர் மாட்டுவது வைத்தியமல்ல, தீக்கு அழைப்பு.

ஒரு ஏசியை ஒய்-க்கும் கீசரை பி-க்கும் மாற்றுங்கள். ஆர் 8, ஒய் 11, பி 14. அதிகம் சுமக்கும் ஃபேஸைப் பாருங்கள்: 25 ஆம்பியர் மெயின் தாராளம். ஃபேஸ் சேஞ்சரைத் தொடுமுன் ஏசியை அணையுங்கள்.