"படம் எப்படி?" - திரை விமர்சனங்களும் நம் கைக்காசும்



புதுப்படம் வெளியாகும் நாளில் தமிழ்நாட்டில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "படம் எப்படி?" என்பதுதான். வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டி போன்ற ஊர்களில் இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. குடும்பத்தின் வரவு செலவைத் தொட்ட கேள்வி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ பேருந்து ஏறி, பிள்ளைகளோடு படம் பார்த்துத் திரும்ப என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஊரக வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டிற்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். நான்கு பேருக்கு நுழைவுச்சீட்டு, போகவர செலவு, இடைவேளையில் ஆளுக்கொரு தேநீர், சின்னவனுக்கு ஐஸ்கிரீம் என்று கூட்டினால் அந்தத் தொகைக்குள் அடங்காது. (நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது ஓர் ஆறுதல்.) ஒரு நாள் உழைப்பைக் கொடுத்துப் பார்க்கப் போகிறவர், போகுமுன் நாலு பேரிடம் விசாரிப்பது இயல்பே.

அப்படி விசாரிக்க வழியில்லாமல் செய்துவிட வேண்டும் என்ற முயற்சி அண்மை ஆண்டுகளில் நம் திரையுலகில் வலுவாக நடந்தது. 2024ஆம் ஆண்டில் 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய பெரிய படங்கள் அடுத்தடுத்துக் கடும் விமர்சனத்தைச் சந்தித்தன. அந்த ஆண்டு நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம், முதல் நாள் முதல் காட்சி முடிந்ததும் ஒலிவாங்கியோடு நிற்கும் யூடியூப் சேனல்காரர்களைத் திரையரங்க வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று திரையரங்கு உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒரு படி மேலே சென்று, படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனமே கூடாது எனச் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. 2025 ஜூனில் வழக்கே தள்ளுபடி ஆனது. கருத்துச் சொல்வது அரசியல் சட்டம் தந்த உரிமை, சமூக ஊடகக் காலத்தில் இப்படியொரு தடை நடைமுறைக்கும் ஒவ்வாது என்பதே தீர்ப்பின் சாரம். அதன் பிறகும் கோரிக்கை ஓயவில்லை. அடுத்த மாதமே நடிகர் விஷால், முதல் 12 காட்சிகள் வரையாவது திரையரங்க வளாகத்தில் விமர்சனம் எடுக்க அனுமதிக்காதீர்கள் என்று மேடையில் கேட்டுக்கொண்டார்.

கேரளத்தில் இதே பிரச்சினை முன்பே எழுந்தது. அங்கே 2023இல் ஒரு படத்தின் இயக்குநர் உயர்நீதிமன்றம் சென்றார். வேண்டுமென்றே படத்தைக் கவிழ்க்கும் விமர்சனங்கள் குறித்துக் கொச்சி காவல்துறை வழக்கும் பதிவு செய்தது. நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், 48 மணி நேரம் பொறுத்து விமர்சிக்கலாம் என்று 2024 மார்ச்சில் பரிந்துரைத்தார். கேரளத்துக்கும் நமக்கும் நடுவே இருப்பது ஒரு மலைத்தொடர்தான். 2023 ஜனவரியில் சென்னையில் அதிகாலைக் காட்சிக் கொண்டாட்டத்தில் ஓர் இளைஞர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன் முதல் காட்சி இல்லை என்றாயிற்று. கேரளத்தில் அதிகாலையிலேயே திரையிடுகிறார்கள். ஆகவே ராஜபாளையத்தில் ரசிகர் பாலாபிஷேகத்துக்குப் பால் வாங்கிக்கொண்டிருக்கும்போதே, செங்கோட்டைக்கு அப்பாலிருந்து "முதல் பாதி சுமார், இரண்டாம் பாதி மோசம்" என்ற செய்தி அவர் கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது! சங்கங்கள் எந்த வாசலை அடைக்கப் போகின்றன?

விமர்சனம் சினிமாவைக் கொன்றுவிடும் என்பது புதிய அச்சமும் அல்ல. தமிழ் சினிமா பேசத் தொடங்கிய காலத்திலேயே, 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் கல்கி கூர்மையாக எழுதினார். 1935இல் கே. பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்று, நாடே வியக்க நடித்த 'பக்த நந்தனார்' படத்தைப் பற்றி, அதில் நன்றாக நடித்தவை மரமும் மாடும்தான் என்ற பொருளில் அவர் கேலி செய்தது இன்றும் பேசப்படுகிறது. பின்னாளில் அதே இதழ் மதிப்பெண் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) பெற்ற 62.5 தான் அந்த இதழின் உச்சமாகப் பேசப்படுகிறது. நாற்பதைத் தொட்டாலே பார்க்கலாம் என்று பொருள். கண்டிப்பான வாத்தியார் கையில் விடைத்தாளைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மாணவரைப் போலப் பெரிய இயக்குநர்களும் அந்த இதழுக்குக் காத்திருந்த காலம் அது.

ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அதைக் கவனித்தால்தான் தயாரிப்பாளர்களின் பதற்றம் புரியும். மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978) முதல் சில வாரங்கள் கூட்டமின்றித்தான் ஓடியது. பார்த்தவர் பார்க்காதவரிடம் சொல்ல, பிறகு அரங்குகள் நிறைந்தன. பாலாவின் 'சேது' வாங்குவாரின்றிக் கிடந்து, 1999 டிசம்பரில் மிகச் சில திரையரங்குகளில் மட்டும் வெளியாகி, வாய்மொழியாலேயே மாதக்கணக்கில் ஓடியது. அந்தப் படங்களுக்குக் காலம் இருந்தது. இன்று பெரிய படங்கள் நூற்றுக்கணக்கான திரையரங்குகளில் ஒரே நாளில் இறங்குகின்றன. முதல் மூன்று, நான்கு நாள் வசூலே பெரும்பங்கு. நான்கு வாரங்களில் ஓடிடியில், வீட்டுத் தொலைக்காட்சியிலேயே படம் வந்துவிடுகிறது. மூன்று நாளில் அறுவடையை முடிக்கத் திட்டமிட்டவர், அந்த மூன்று நாளும் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கேட்கிறார். விமர்சகர் பேசாதிருந்தால் படம் நன்றாகிவிடாது. விவரம் தெரியாதவர்கள் சீட்டு வாங்கி முடிக்கும்வரை அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த விவரம் தெரியாதவர் யார்? பெரும்பாலும் நம்மைப் போன்ற சிற்றூர்க்காரர்.

இத்தடையால் உண்மையில் நசுக்கப்படுவது சிறிய படங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2025 மே முதல் நாள் சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அன்றே, இலங்கையிலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பத்தின் கதையான 'டூரிஸ்ட் பேமிலி'யும் வெளியானது. இயக்கியவர் புதியவர். படம் நன்றாயிருக்கிறது என்று முதல் நாளே பலர் சொன்னதால்தான் அதற்குக் காட்சிகள் கூடின. மூன்று நாள் மௌனம் காக்கப்பட்டிருந்தால், விளம்பரத்துக்குக் கோடிகள் இல்லாத அந்தப் படம் திங்கட்கிழமை எத்தனை அரங்கில் மிஞ்சியிருக்கும்?

குறை சொன்னால் படத்துக்குக் கேடு என்பதும் முழு உண்மையல்ல. 'கங்குவா'வில் இரைச்சல் தாங்கவில்லை என்று பலரும் சொன்ன பிறகு, ஒலி அளவைக் குறைக்கும்படி தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். 'இந்தியன் 2' நீளம் என்ற முறையீட்டுக்குப் பின் சுமார் 12 நிமிடங்கள் வெட்டப்பட்டன. காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள் அல்லவா?

தயாரிப்பாளர் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. முதற்காட்சி முடியுமுன்பே, இருக்கையில் இருந்தபடி "மொக்கை" என்று ஒற்றைச் சொல்லைப் பரப்புவது விமர்சனம் ஆகாது. நடிகையின் உடலை, நடிகரின் வயதை, இயக்குநரின் சாதியைக் கேலி செய்து பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்டுவோரும் இருக்கிறார்கள். பணம் கேட்டு, கிடைக்காவிட்டால் வசைபாடுவோரும் உண்டு என்பது திரையுலகினர் நெடுநாளாகச் சொல்லும் புகார். இவற்றுக்கு அவதூறுச் சட்டமும் மிரட்டிப் பணம் பறிப்பதற்கெதிரான சட்டமும் போதும். பிறர் சொன்னதை முதலில் நல்ல பொருளில் எடுத்துக்கொள்ள முயல வேண்டும், அதன் பிறகே குற்றம் காண வேண்டும் என்று புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே அறிவுறுத்துகிறார். விமர்சகருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. (ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நின்று மறையுரைக்கு மதிப்பெண் போடும் நமக்கும் இது பொருந்தும் என்று பங்குத்தந்தையர் முணுமுணுப்பது கேட்கிறது!)

ஆனால் பழிப்புரைக்குத் தடை கேட்பவர்கள், விலைக்கு வாங்கிய புகழுரையைப் பற்றி ஏன் பேசுவதில்லை? "வேற லெவல்", "மிரட்டல்", "மாஸ்" என்று வெளியீட்டுக்கு முன்பே வரும் பதிவுகள் எல்லாம் இலவசமாக வந்தவையா? பணமோ பரிசோ பெற்று ஒன்றைப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என 2023 ஜனவரியில் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை, தொடர்ந்து மீறினால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பொய்ச்சான்று என்றால் பிறரைப் பழிப்பது மட்டும்தான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். காசு வாங்கிக்கொண்டு புகழ்வதும் அதில் சேரும்.

இனி, விமர்சகரும் மக்களும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2024 ஆகஸ்ட் 23 அன்று இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, மாரி செல்வராஜின் 'வாழை'. மற்றொன்று, பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. இரண்டும் எளிய மனிதர்களின் கதைகள். 'வாழை'யில் விமர்சகரும் அழுதனர், மக்களும் அழுதனர். பின்னணி இசையே இல்லாத 'கொட்டுக்காளி', பெர்லின் விழாவில் திரையிடப்பட்டு விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றது. ஆனால் திரையரங்குக்கு வந்தவர்களில் பலர், முடிவே இல்லாமல் படம் முடிந்துவிட்டதே என்று ஏமாந்தனர். இதைத் திரையரங்கில் வெளியிட்டிருக்கவே வேண்டாம் என்ற பொருளில் இயக்குநர் அமீர் பேசியது தனி விவாதமானது. என் எண்ணத்தில் இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. படம் நல்ல படம். ஆனால் அது எப்படிப்பட்ட படம் என்று முன்கூட்டித் தெளிவாகச் சொல்லியிருந்தால், சூரி நடித்த சிரிப்புப் படம் என்று நம்பி வந்தவர் ஏமாந்திருக்க மாட்டார். நட்சத்திரக் குறி ஐந்துக்கு நாலு என்று போடுவதைவிட இந்தத் தகவல்தான் பயன்படும்.

திரு அவையும் படங்களுக்குப் பட்டியல் போட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சினிமாவின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் 45 படங்களைத் தேர்ந்தெடுத்தது. அதில் 'காந்தி'யும், சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' படமும் உண்டு. மத்தேயு நற்செய்தியைப் படமாக்கிய பசோலினி ஓர் இடதுசாரி, கடவுள் நம்பிக்கை அற்றவர் என்று அறியப்பட்டவர். அவர் படத்தையும் சேர்த்தார்கள். எடுத்தவர் யார் என்று பாராமல், எடுத்தது எப்படி என்று பார்த்த தேர்வு அது. 2025 நவம்பரில் திருத்தந்தை பதினான்காம் லியோ திரைக்கலைஞர்களைச் சந்திக்குமுன் தமக்குப் பிடித்த நான்கு படங்களைக் குறிப்பிட்டார். 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' அவற்றில் ஒன்று.

கடைசியாக, நம் விமர்சகர்கள் எவரும் பெரிதாகச் சொல்லாத ஒன்று. 2024 முதல் 'யு/ஏ' சான்றிதழ் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 2025 ஆகஸ்டில் வந்த 'கூலி'க்கு வன்முறைக்காக 'ஏ' சான்றிதழ் கிடைத்தது. சிறுவர் பார்க்கும் வகையில் அதை மாற்றித் தரக் கோரிய தயாரிப்பு நிறுவனத்தின் மனுவை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. "கதை எப்படி, சண்டை எப்படி, பாட்டு எப்படி" என்று பத்து நிமிடம் பேசும் யூடியூப் தம்பிகள், பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று ஒரு வரி சொன்னால் பெற்றோருக்கு எவ்வளவு உதவி! சுவரொட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்பீர்கள். அங்கே அந்த எழுத்து, நாயகனின் காலடியில் தீக்குச்சித் தலை அளவில் இருக்கிறது.