மளிகைக் கடைக்கும் வேண்டும் பில்லிங் மெஷின்

தெருமுனை மளிகைக் கடைகள் பில்லிங் மெஷினுக்கு மாற வேண்டும். அதற்குத் தமிழ்நாடு அரசு கைகொடுக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டுகளும், சில நிமிடங்களில் வீட்டு வாசலுக்கே பொருளைக் கொண்டுவரும் செயலிகளும் வியாபாரத்தைப் பறிக்கின்றன என்று சிறு வணிகர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால், பெரிய நிறுவனங்களின் பலம் முதலீடு மட்டுமல்ல. எந்தச் சரக்கு எந்தக் கிழமையில் எவ்வளவு போகிறது, எதில் பணம் முடங்கிக் கிடக்கிறது என்பது அவர்களுக்கு அன்றன்றைக்கே தெரிந்துவிடுகிறது. சிறிய கடையில் அதே விவரம் முதலாளியின் மனக்கணக்கில் மட்டும் இருக்கிறது. அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனால் கணக்கும் கூடவே போய்விடுகிறது.

பாக்கெட் பொருள்கள் பலவற்றில் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நிற்பதே பெரிது. அந்தக் கணக்கில் ஒரு மசாலா பாக்கெட் காலாவதியானால், ஒன்பது பாக்கெட் விற்ற லாபம் போய்விடும். ஏஜென்சி ஆள் ஆர்டர் எடுக்க வரும்போது கடைக்காரர் அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு எண்ணிக்கை சொல்கிறார். பெட்டிக்கு இரண்டு இலவசம் என்றால் இன்னொரு பெட்டி சேர்ந்துவிடுகிறது. புதுச் சரக்கு முன்வரிசைக்கு வர, பழையது பின்னால் ஒதுங்கி நாள் கடந்துபோகிறது. கொள்முதலையும் விற்பனையையும் பார்கோடு வழியாகப் பதியும் மெஷின், இருப்பு எவ்வளவு என்று காட்டிவிடும். வாங்கும்போதே காலாவதித் தேதியையும் ஏற்றிவைத்தால் முன்கூட்டியே எச்சரிக்கும். 2025 செப்டம்பர் 22 அன்று ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் போன்றவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, மெஷின் வைத்திருந்தவர்கள் புதிய விலையை ஓரிடத்தில் மாற்றினால் போதுமானதாக இருந்தது. மற்றவர்கள் பொருளுக்குப் பொருள் விலையை நினைவில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

‘எல்லாவற்றுக்கும் பில் போட்டால் வரி அதிகாரி வந்து நிற்பாரே’ என்பதுதான் மாற்றத்துக்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய காரணம். இந்த அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை அடிப்படையாகக் கொண்டு ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு வணிக வரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. அவர்களில் வரியே இல்லாத காய்கறி விற்றவர்களும் இருந்தார்கள். பல கடைகளில் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி வைத்தார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகே மாநில அரசு இறங்கிவந்தது. அங்கே வியாபாரிகளைச் சிக்கவைத்தது பில் அல்ல; பில் இல்லாததுதான். யுபிஐ கணக்கு வந்த பணத்தைக் காட்டுமே தவிர, என்ன விற்று வந்தது என்று சொல்லாது. சில்லறையாக அளந்து கொடுக்கும் அரிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதே அரிசி 25 கிலோ வரையிலான, பெயர் அச்சிட்ட பாக்கெட்டில் வந்தால் 5 சதவீதம். பொருள்வாரியாகப் போட்ட பில் இருந்தால்தான் இந்த வித்தியாசத்தை அதிகாரி முன் நிரூபிக்க முடியும். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத மளிகைக் கடைக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. ஒன்றரைக் கோடி வரை இணக்கமுறைத் திட்டத்தில் சேர்ந்து, வரிக்குரிய விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். நாம் எந்த வரம்புக்குள் இருக்கிறோம் என்று தெரியாமல் பயந்து கொண்டிருப்பதைவிட, தெரிந்து வைத்திருப்பதே கடைக்காரருக்குப் பாதுகாப்பு.

அடுத்த தடை செலவும் பழக்கமும். மாலை நேரக் கூட்டத்தில் ஐந்து ரூபாய்க்குக் கறிவேப்பிலை கேட்பவருக்கும் பில் அடித்துக் கொண்டிருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். உதிரிப் பொருள்களுக்கென்று தனிப் பொத்தான் வைத்துக்கொள்ளலாம். எலெக்ட்ரானிக் தராசை மெஷினோடு இணைக்கவும் வழியுண்டு. மாதச் சம்பளம் வந்ததும் கடனை அடைக்கும் குடும்பங்களின் பற்று வரவு நோட்டையும் அதிலேயே ஏற்றலாம். கூட்டலில் வரும் சண்டை குறையும். பழக்கத்துக்குச் சான்று ரேஷன் கடைகள். 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்ததிலிருந்து, குக்கிராமத்து விற்பனையாளர்களும் விற்பனை முனையக் கருவியில்தான் பில் போடுகிறார்கள். வாங்கிய பொருளின் விவரம் அட்டைதாரரின் செல்போனுக்கே வருகிறது. வாங்காத பொருளுக்கு பில் போட்டால் வீட்டிலிருந்தபடியே தெரிந்துவிடும். சர்வர் முடங்கி மக்கள் வரிசையில் காத்துக் கிடக்கும் அவலமும் அங்கே உண்டு. எனவே, இணையம் இல்லாதபோதும் பில் போட்டு, பிறகு பதிவேற்றும் மெஷின்களையே சிறிய கடைகளுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

இங்கே அரசுக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. வணிகர் நல வாரியம் வழியாக மெஷினுக்கு மானியமும் கடை நேரத்துக்கு ஏற்ற பயிற்சியும் தரலாம். திரையும் பில்லும் தமிழில் இருக்க வேண்டும். ஒழுங்கான விற்பனைப் பதிவைக் காட்டுபவருக்கு முத்ரா கடனை இழுத்தடிக்காமல் வழங்க வங்கிகளை வலியுறுத்தினால், தண்டல்காரரிடம் போகும் வட்டி கடையிலேயே தங்கும். மென்பொருள் நிறுவனங்களுக்குக் கறாரான நிபந்தனையும் தேவை. கடையின் விற்பனை விவரம் கடைக்காரருக்கே சொந்தம். அவர் சம்மதமின்றி வேறு நிறுவனத்துக்குக் கைமாறக் கூடாது. சந்தாவை நிறுத்தினாலும் பழைய கணக்கு முழுவதையும் அவர் எடுத்துச் செல்ல முடிய வேண்டும். இவற்றை எழுத்தில் ஒப்புக்கொள்ளும் நிறுவனங்களின் மெஷினுக்கு மட்டும் மானியம் என்று அரசு அறிவிக்கட்டும்.