அயல்நாட்டுக் கைபேசி நம் மலையில் பேசுமா?

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம், இன்றைய இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த பள்ளிவாசலில் 1940-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. முதிரப்புழை ஆற்றின் நீரால் அங்கே பிறக்கும் மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. வீடுகளுக்கு அது 230 வோல்ட் அழுத்தத்தில் வந்து சேருகிறது. அமெரிக்காவிலோ 120 வோல்ட்டும் 60 சுற்றுகளும் வழக்கம். அந்நாட்டு மின்விளக்கை நம் வீட்டில் மாட்டினால் கணப்பொழுதில் எரிந்துபோகும். ஆகவே, மின்சாதனம் எந்த நாட்டு மின்சாரத்துக்கெனச் செய்யப்பட்டது என்று கேட்டறிவது நம் மக்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

கைபேசியைப் பற்றி அக்கேள்வி எழுவதில்லை. வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வருவோர் பெற்றோருக்கென்று கைபேசி வாங்கி வருகின்றனர். அமெரிக்கா, கனடா சென்ற பிள்ளைகள் தாம் உபயோகித்த கருவியை ஊருக்கு அனுப்புகின்றனர். அதன் மின்னேற்றி பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பதாகையால், செருகியின் வடிவத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். மின்னேற்றம் நடக்கிறது, திரை ஒளிர்கிறது, கருவி நம் ஊருக்கு ஏற்றதென்று மனம் அமைதி கொள்கிறது. இந்த அமைதிக்கு ஆதாரம் இல்லை என்பதும், அதை எடுத்துக் கூறும் கடமை ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் உண்டு என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

அலைவரிசைப் பொருத்தம்

கைபேசி என்பது ஒரு சிறு வானொலி நிலையமே. கோபுரம் அனுப்பும் அலையை அது வாங்க வேண்டும். தன் அலையைக் கோபுரத்துக்குத் திருப்பி அனுப்பவும் வேண்டும். இதற்கு எந்த அதிர்வெண்களைப் பயன்படுத்தலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தானே வகுத்துக்கொள்கிறது. இரண்டாம் தலைமுறைச் சேவைக்கு இந்தியாவும் ஐரோப்பாவும் வளைகுடா நாடுகளும் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைக் கொண்டன. வட அமெரிக்காவோ 850, 1900 மெகாஹெர்ட்ஸை மேற்கொண்டது. நான்காம் தலைமுறையில் வேற்றுமை இன்னும் பெருகியது. இந்தியாவில் 850, 900, 1800, 2100, 2300, 2500 மெகாஹெர்ட்ஸ் எனப் பல அலைவரிசைகள் வழங்குகின்றன. பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு 700 மெகாஹெர்ட்ஸும் ஒதுக்கப்பட்டுள்ளது.

மலைநாட்டில் வாழ்வோர் இங்கு ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். 2300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். நீண்ட அலை மேட்டின் விளிம்பில் வளைந்து அப்பால் இறங்குவதிலும், மரச்செறிவையும் சுவரையும் ஊடுருவுவதிலும் குறுகிய அலையைவிட வல்லது. ஆகையால், தாழ்ந்த அலைவரிசைகளை அறியாத ஒரு கைபேசி, கோபுரத்துக்கு அருகிலுள்ள கடைவீதியில் நன்றாகப் பேசும். மலைச்சரிவுக்குக் கீழேயுள்ள லயத்தில் அதே கைபேசி ஊமையாகிவிடும். பழுது கருவியிலும் இல்லை, கோபுரத்திலும் இல்லை. இரண்டுக்கும் பொதுவான அலைவரிசை அவ்விடத்தை எட்டவில்லை என்பதே காரணம்.

குரல் செல்லும் வழி

விலையுயர்ந்த புதிய கைபேசிகள் உலகின் பெரும்பாலான அலைவரிசைகளை ஏற்கின்றன, ஆதலால் இக்கவலை பழங்கதை என்று சிலர் கூறுவர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் ஒரு தடை நீங்கியவிடத்து மற்றொரு தடை தோன்றியிருக்கிறது.

முற்காலத்து இணைப்புகளில் குரலுக்கென்று தனி வழி இருந்தது. நான்காம் தலைமுறையில் குரலும் தரவுத் துணுக்குகளாகப் பகுக்கப்பட்டே செல்கிறது. இதனை ‘வோ எல்.டி.இ.’ முறை என்பர். 2016-இல் சேவை தொடங்கிய ஜியோ நிறுவனம், இரண்டாம், மூன்றாம் தலைமுறை இணைப்புகளை அமைக்காமலே நான்காம் தலைமுறையில் இறங்கியது. அதில் குரல் செல்ல இம்முறை ஒன்றே வழி. கைபேசி அலைவரிசையை அறிந்திருந்தாலும், அந்நிறுவனத்தின் குரல் சேவைக்கான அமைப்பு விவரங்கள் அதன் மென்பொருளில் இல்லையென்றால் அழைப்பு நிகழாது. இணையம் வரும், படங்கள் வரும், செய்திகள் வரும். அழைப்பு மட்டும் வராது. சமிக்ஞைக் கோடுகள் நிறைந்திருப்பதைக் கண்டவர் குறையை ஐயுறவும் மாட்டார்.

ஆஸ்திரேலியாவில் இவ்விஷயம் 2024-இல் பெரிதாக வெடித்தது. மூன்றாம் தலைமுறைச் சேவை நிறுத்தப்பட்டபோது, அன்றாட அழைப்புகளை நான்காம் தலைமுறையில் செய்து வந்த சில கைபேசிகள், அவசர எண்ணை அழைக்கும்போது மட்டும் பழைய இணைப்பையே நாடும் என்பது வெளிப்பட்டது. அவற்றுள் அயல்நாடுகளில் வாங்கப்பட்டவையும் இருந்தன. அத்தகைய கருவிகளை இணைப்பிலிருந்து விலக்குமாறு அந்நாடு சேவை நிறுவனங்களைப் பணித்தது. அவசர வேளையில் கைவிடும் கருவியைக் கையில் வைத்திருப்பதினும், அது உதவாது என்று முன்னரே அறிந்திருப்பது மேல் என்பதே அந்நாட்டின் முடிவு.

பூட்டும் அடையாளமும்

தவணை முறையில் கைபேசி விற்கும் சில அயல்நாட்டு நிறுவனங்கள், தம் சிம் அட்டையன்றி வேறொன்றை ஏற்காதபடி கருவியைப் பூட்டி வைக்கின்றன. கனடா 2017-ஆம் ஆண்டு டிசம்பரிலும், பிரிட்டன் 2021-ஆம் ஆண்டு டிசம்பரிலும் இவ்வழக்கத்தைத் தடை செய்தன. எல்லா நாடுகளிலும் அத்தடை இல்லை. பூட்டைத் திறக்க வேண்டியது விற்ற நிறுவனமே. ஆதலால் ஊருக்கு அனுப்புமுன் அங்கேயே திறந்து பெறுவது எளிது. 2022-இல் வெளிவந்த ஐபோன் 14 முதலாக, அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் சிம் அட்டை வைக்கும் இடமே இல்லை. மின்னணு சிம் ஒன்றையே அவை ஏற்கும்.

ஒவ்வொரு கைபேசிக்கும் 15 இலக்கங்கள் கொண்ட அடையாள எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். பிறர் உபயோகித்த கைபேசியை ஏற்குமுன், கே.ஒய்.எம். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளோடு இவ்வெண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தடை செய்யப்பட்ட கருவியா என்பது தெரியவரும்.

மழைக்கால இரவு

இவையெல்லாம் வசதியைப் பற்றிய விஷயங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, மூணாறு மலையில் ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேரை அந்த இரவு கொண்டுபோயிற்று. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால், செய்தி வெளியுலகை எட்டியது மறுநாட் காலையில்தான்.

அன்று செயலிழந்தது கோபுரத் தொடர்பு; அதனைக் காக்கும் பொறுப்பு அரசுக்கும் நிறுவனங்களுக்கும் உரியது. ஆனால், கோபுரம் உயிரோடு நிற்கும்போதே வீட்டிலுள்ள கைபேசி பேசாமலிருப்பது, ஒரு குடும்பம் முன்னரே அறிந்து விலக்கிக்கொள்ளக்கூடிய தீங்கு. தன் நிறுவனத்தின் இணைப்பில் பேச இயலாத கைபேசி, 112 என்னும் அவசர எண்ணுக்காக வேறு நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறைக் கோபுரத்தை நாடக்கூடும். பள்ளத்தாக்கில் அத்தகைய கோபுரம் எட்டும் என்று நம்பி இருத்தல் தகாது.

மேலும், 2017-ஆம் ஆண்டு ஜனவரி முதல் இந்தியாவில் விற்கப்படும் கைபேசிகளில் அபாய அழைப்புப் பொத்தான் கட்டாயமாக்கப்பட்டது. அயல்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட கருவி இவ்விதிக்குக் கட்டுப்பட்டதன்று. பேரிடர் எச்சரிக்கையைக் கோபுரங்கள் வாயிலாக ஒரே நேரத்தில் எல்லாக் கைபேசிகளுக்கும் ஒலிக்கச் செய்யும் முறை, 2023-இல் நம் நாட்டில் பல மாநிலங்களில் சோதிக்கப்பட்டது. அதனைப் பெறும் வசதி கருவியில் இயக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்யத்தக்கவை

சேவை நிறுவனங்கள், சிம் அட்டை புதிய கருவி ஒன்றில் இடப்பட்டவுடன், அக்கருவியால் தம் இணைப்பில் குரல் அழைப்புச் செய்ய இயலுமா என்பதை வாடிக்கையாளருக்கு அவருடைய மொழியில் தெரிவிக்க வேண்டும். கருவியின் வகையை அடையாள எண்ணிலிருந்தே அறியலாமாகையால், இது அரிய காரியமன்று. அரசு இதனை விதியாக்குதல் நன்று என்பது நம் கருத்து.

விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பருவமழைக்கு முன் வீடுதோறும் செல்லும் களப்பணியாளர், அயல்நாட்டிலிருந்து வந்த கைபேசி உண்டா என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம். இருப்பின், கடைவீதியிலன்றி அவ்வீட்டினுள்ளேயே நின்று, வைஃபை இணைப்பை நிறுத்திவிட்டு, அண்டை வீட்டாரை அழைத்துப் பேசிப் பார்க்கச் செய்ய வேண்டும். எதிர்முறையாக ஓர் அழைப்பைப் பெறவும் வேண்டும். சோதனைக்காக 112-ஐ அழைத்தல் கூடாது. அது மெய்யான ஆபத்தில் இருப்பவரின் வழியை அடைக்கும். பேசாத கைபேசியை எறிந்துவிட வேண்டியதில்லை. அதன் மென்பொருளைப் புதுப்பித்தும், வேறு நிறுவனத்தின் சிம்மை இட்டும் பார்க்கலாம். அதுவும் பயன்படாவிடில், இந்தியாவில் விற்கப்படும் எளிய பொத்தான் கைபேசி ஒன்றை, தம் நிறுவனத்தின் இணைப்பில் பேசுமா என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது குறைந்த செலவில் நிறைந்த பாதுகாப்பாகும்.

ஆசிரியருக்கு இது பாடம் நடத்தவும் நல்ல வாய்ப்பு. அதிர்வெண், அலைநீளம் ஆகியவை புத்தகத்தில் வெறும் சூத்திரங்களாக நிற்கின்றன. மாணவர்கள் தத்தம் லயத்தில் எந்த நிறுவனத்தின் அலை எட்டுகிறது, எங்கே மறைகிறது என்று குறித்து வந்து, வகுப்பில் ஒரு வரைபடமாகத் தீட்டட்டும். அவ்வரைபடத்தின் பிரதி ஒன்று பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்குமாயின், மழை இரவில் எந்த லயத்தை எந்த எண்ணில் அழைப்பது என்று தேட வேண்டியிராது.